பழஞ்சேலையும் கலைக்கூடமும்

மாத்தளை மாவட்டத்து வஹகோட்டையில், புனித அந்தோனியார் திருநாளன்று திரளும் மக்களை எவரும் அழைக்க வேண்டியதில்லை, திருச்சொரூபம் அவர்களுடையது. பல்கலைக்கழகக் கலைக்கூடத்துக்கு இப்பேறு எளிதில் வாய்ப்பதில்லை. படித்தோருக்கே உரிய இடமென்று ஊரார் ஒதுங்கிவிடுவர். கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1937-இல் நிறுவிய ஆசுதோஷ் அருங்காட்சியகமோ ஊராரின் பொருள்களையே தேடிச் சேர்த்தது. பால மன்னர் காலத்துச் சிலைகளோடும், 1956 முதல் சந்திரகேதுகரில் அகழ்ந்தெடுத்த சுடுமண் உருவங்களோடும், நாட்டுப்புறப் படச்சுருள்களும் பொம்மைகளும் அங்கே இடம்பெற்றன. பழஞ்சேலைகளை அடுக்கிப் பெண்கள் தைத்த காந்தாத் துணிகளும் சேர்ந்தன. இவை வீட்டிலேயே கிடந்திருந்தால் தேய்ந்து கந்தலாகியிருக்கும். கண்ணாடிப் பேழைக்குள் சென்றபின் அவை எவர் குளிரையும் போக்குவதில்லை என்பதும் மெய்யே. ஆயினும், காணவரும் வங்கக் கிராமத்துப் பெண் தன் பாட்டியின் தையலை அங்கே இனங்காணக்கூடும்.