பக்கத்து வீட்டு மாமி கரண்டி பிடிக்கலாமா?

வீட்டில் விசேஷம், சமையல்காரர் வைக்க வசதியில்லை. பக்கத்து வீட்டு மாமி தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து சாம்பாரைப் பார்த்துக்கொள்கிறார். யாரும் லைசென்ஸ் கேட்பதில்லை. அதே மாமி மயிலாப்பூர் முழுக்க 'இலைக்கு இவ்வளவு' என்று பேசிச் சமைத்துப் போட ஆரம்பித்தால், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தாக வேண்டும். நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் அல்லாதவர் ஆஜராவதும் ஏறக்குறைய இந்தக் கணக்குதான்.

தி.நகரில் வாங்கிய கிரைண்டர் ஒரே மாதத்தில் மக்கர் செய்கிறது, கடைக்காரர் கைவிரிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அடையாறில் குடியிருப்பவர் சென்னை (தெற்கு) மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை புகாருக்குக் கட்டணமே இல்லை. தானே வாதாடலாம். ஆனால் காது மந்தம், நாலு பேர் முன்னால் பேச வராது என்றால்?

1961 வழக்கறிஞர்கள் சட்டப்படி வாதாடும் தொழில் வக்கீல்களுக்கு மட்டுமே உரியது. ஆனாலும் அதன் 32ஆவது பிரிவு அடுக்களைக் கதவைக் கொஞ்சம் திறந்து வைக்கிறது: குறிப்பிட்ட ஒரு வழக்கில் மட்டும், வெளியாள் ஒருவரை நீதிமன்றம் அனுமதிக்கலாம். வருபவர் எப்படிப்பட்டவர், கட்சிக்காரருக்கு என்ன உறவு, ஏன் இவரையே அழைத்தார்கள் என்றெல்லாம் பார்க்க வேண்டும் என்றார் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், 1978இல். சாம்பார் தீய்கிறது என்றால் பாதியிலேயே கரண்டியை வாங்கிவிடலாம். கொடுத்த அனுமதியை ரத்து செய்ய நீதிமன்றத்துக்கு உரிமை உண்டு.

நுகர்வோர் ஆணையங்களில் முகவர்கள் ஆஜராகலாம், ஆனால் அதற்கு விதி வகுக்க வேண்டும் என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2014இல் விதிமுறைகள் வந்தன. வருபவர் உறவினராகவோ, அக்கம்பக்கத்தவராகவோ, நண்பராகவோ, தொழில்வழித் தெரிந்தவராகவோ ஏற்கெனவே பழக்கமுள்ளவராக இருக்க வேண்டும். நேரடியாகவோ மறைமுகமாகவோ காசு வாங்கவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். விஷயம் தெரிந்தவர்தான் என்று ஆணையத்துக்குக் காட்டவும் வேண்டும்.

காசு கூடாது என்பதுதான் இதில் முக்கியமான பூட்டு. வாசலில் நின்று ஆள் பிடிக்கும் தரகர்களை அது தடுக்கும், சரி. ஆனால் விவரம் தெரிந்த பக்கத்து வீடு அமையாதவர் கதி? சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர்கள் மனு எழுத உதவுவார்கள். வாதாடுவது அவர்கள் வேலையல்ல. பெண்கள் என்றால், வருமானம் எவ்வளவு என்று கேட்காமலே இலவச வக்கீல் தர 1987 சட்டம் வழிசெய்கிறது. அடையாறு ஃபிளாட்டில் சொந்த வீடு இருந்தாலும் சரி, கேட்கலாம்.