ஷட்டர் பெட்டியும் சாய்வு நாற்காலியும்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பூச்செடிகளையும் கழற்றிப்போட்ட மிக்ஸி மோட்டார்களையும் தாண்டி நடந்தால், பழைய மரச்சாமான்களைத் தரையில் பரப்பி வைத்திருப்பவர்களைப் பார்க்கலாம். கட்டில், டீப்பாய், கண்ணாடி போன டிரெஸ்ஸிங் டேபிள் எல்லாவற்றையும் யாராவது தட்டிப் பார்த்து விலை கேட்பார்கள். யாரும் குனிந்துகூடப் பார்க்காத ஒன்று உண்டென்றால், அது ஷட்டர் வைத்த பழைய டி.வி. பெட்டிதான். 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னையில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கியது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் சாலிடேர், டயனோரா என்று இங்கேயே தயாரான பெட்டிகள் நான்கு கால்களில் நின்று கூடங்களை ஆண்டன. ‘ஒலியும் ஒளியும்’ பாட்டு நிகழ்ச்சி முடிந்ததும் ஷட்டரை இழுத்து மூடிப் பூட்டி, மேலே ஒரு பின்னல் விரிப்பும் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும் வைத்த வீடுகள் எத்தனையோ. இன்று அந்தப் பெட்டி விறகுக்கடைக்குப் போகிறது.

அதை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

பழைய சாமானை வாங்கிப் புதுப்பிக்கும் ஆசை இளம் குடும்பங்களிடம் பரவிவருவது மகிழ்ச்சியான விஷயம். ஆனால் கைபேசியில் வரும் காணொளிகள் பலவற்றிலும் ஒரே வைத்தியம்தான். எதைக் கண்டாலும் வெள்ளை பெயிண்ட், கைப்பிடிக்குத் தங்க நிறம், அவ்வளவுதான் வேலை. தேக்கையும் சன்மைக்காவையும் ஒரே வாளியில் முக்கி எடுத்த மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். ஒரு பொருள் எதனால் ஆனது, எப்படிச் சேர்த்திருக்கிறார்கள், எது கெட்டிருக்கிறது, எது இன்னும் நன்றாக இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் பிரஷ்ஷைக் கையில் எடுக்க வேண்டும். பார்த்து முடித்தால், பல பொருள்களுக்குப் பிரஷ்ஷே வேண்டியிருக்காது.

டி.வி. பெட்டியையே எடுத்துக்கொள்வோம். உள்ளே பிக்சர் டியூப் இன்னும் இருந்தால் நீங்கள் கை வைக்கக் கூடாது. மின்சாரத்திலிருந்து பிடுங்கிப்போட்ட பிறகும் அதில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். உள்ளே காற்று இல்லாத கண்ணாடிக் குடுவை என்பதால் உடைந்தால் சில்லுகள் தெறிக்கும். அந்தக் கண்ணாடியில் ஈயமும் கலந்திருக்கிறது. அனுபவமுள்ள டி.வி. மெக்கானிக்கை வைத்துக் கழற்றி, அதை மின்னணுக் கழிவு எடுக்கும் அங்கீகாரம் பெற்ற நிறுவனத்திடம் சேர்த்துவிடுங்கள். காயலான் கடையில் போட்டால் அங்கே யாரோ ஒரு பையன் சுத்தியலால் உடைப்பான்.

அடுத்து மரம். பலகையின் விளிம்பைப் பாருங்கள். மேல்பக்கத்து ரேகை விளிம்பில் இறங்கி வெட்டுமுகத்திலும் தொடர்ந்தால் அது முழு மரம். மேலே தேக்கு ரேகையும், விளிம்பில் அடுக்கடுக்கான கோடுகளும் தெரிந்தால், பிளைவுட்டின் மேல் மெல்லிய தேக்குத் தகடு ஒட்டிய வெனீர். உமி அழுத்தியது போல் தூளாகத் தெரிந்தால் பார்ட்டிகிள் போர்டு. அது ஈரம் பட்டு ஊதியிருந்தால் மீட்க வழியில்லை, விட்டுவிடலாம். டி.வி. பெட்டிகளில் அதிகம் இருப்பது வெனீர்தான். பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. இதில் தேய்க்கும் மெஷினை வைத்தால் கண்மூடித் திறப்பதற்குள் தேக்கு போய் அடிப்பலகை பல்லைக் காட்டும். 220 நம்பர் உப்புத்தாளைக் கட்டையில் சுற்றி, ரேகை ஓடும் திசையிலேயே கையால் மெதுவாகத் தேய்ப்பதுதான் சரி.

தேய்ப்பதற்கும் முன்னால் ஒரு சோதனை இருக்கிறது. பெட்டியின் பின்பக்கம், கண்ணில் படாத மூலையில், பாலிஷ்காரர்கள் வைத்திருக்கும் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுச் சில நொடிகள் வைத்துப் பாருங்கள். பிசுபிசுவென்று இளகிப் பழுப்பு நிறம் பஞ்சில் ஏறினால் அது அரக்கு, அதாவது பிரெஞ்சு பாலிஷ். இளகாவிட்டால் வார்னிஷோ வேறு பூச்சோ. அரக்கு என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை மிச்சம். அரக்குப் பூச்சுக்கு ஒரு அருமையான குணம் உண்டு: புதிதாகப் பூசும் அரக்கு பழைய பூச்சை இளக்கி அதோடு ஒன்றாகிவிடும். அதனால் பழசைச் சுரண்டவே வேண்டாம். லேசான சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் எண்ணெய்ப்பிசுக்கைத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, பஞ்சைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைத் தொட்டுத் தொட்டு நீளவாக்கில் இழுக்க வேண்டும். இரண்டு மூன்று கைக்குப் பிறகு, சுடு டம்ளர் வைத்து விழுந்த வெள்ளை வளையங்களும் பெரும்பாலும் மங்கிவிடும். மழைநாளில் மட்டும் இந்த வேலையைத் தொடாதீர்கள். காற்றின் ஈரத்தில் பூச்சு வெளுத்துப்போகும். ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்புக்கும் தீக்குச்சிக்கும் எட்டாத இடத்தில் செய்யுங்கள். ஸ்பிரிட் சட்டென்று பற்றிக்கொள்ளும்.

பெட்டியின் அழகே ஷட்டர்தான். மெல்லிய மரப்பட்டைகளை வரிசையாக அடுக்கி, பின்னால் கனமான துணியில் ஒட்டியிருப்பார்கள். அது மேலும் கீழும் உள்ள காடியில் வழுக்கி, மூலையில் வளைந்து, பக்கவாட்டில் மறைந்துகொள்ளும். இறுகிப்போய் நகரவில்லை என்றால், காடியிலுள்ள தூசியைப் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் சுத்தம்செய்து, மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்தால் போதும். எண்ணெய் விடக் கூடாது. தூசியைப் பிடித்து மறுபடியும் சிக்கும். துணியே மக்கியிருந்தால், பின்பலகையைக் கழற்றி ஷட்டரை உருவி, பட்டைகளை முகம் கீழாகச் சமதளத்தில் நெருக்கி அடுக்கி, பழைய பசையைச் சுரண்டிவிட்டு, கெட்டியான காட்டன் கேன்வாஸை மரப்பசை தடவி ஒட்டலாம். பட்டைகளுக்கு நடுவில் பசை இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வதில்தான் சூட்சுமம். இறங்கினால் ஷட்டர் வளையாது. ஒரு இரவு முழுக்க மேலே பாரம் வைத்துக் காயவிட்டு மறுபடி நுழைத்தால், அந்தப் பழைய சத்தத்தோடு சரசரவென்று ஓடும்.

உள்ளே என்ன வைப்பது? பிக்சர் டியூப்புக்காக ஆழமாகச் செய்த பெட்டி என்பதால் தையல் சாமான், குழந்தைகளின் விளையாட்டுச் சாமான், கொலு பொம்மைகள் எல்லாம் தாராளமாக அடங்கும். நடுவில் ஒரு தட்டு அடித்தால் புத்தக அலமாரி. வேலை முடிந்ததும் லேப்டாப்பையும் வயர்களையும் உள்ளே தள்ளி ஷட்டரை மூடிவிட்டால், சின்ன ஃபிளாட்டில் கூடம் மறுபடியும் கூடமாகிவிடும். சிலர் இதைப் பூஜை அலமாரியாக்குகிறார்கள். படங்கள் வைக்கலாம்; எண்ணெய் விளக்கை மட்டும் உள்ளே ஏற்ற வேண்டாம். பழுத்துக் காய்ந்த மரமும் அரக்கும் தீக்கு நல்ல தீனி.

இந்தப் பெட்டிக்குக் காட்டும் நிதானத்தை எல்லாவற்றுக்கும் காட்ட வேண்டியதில்லை. எண்பதுகளின் சன்மைக்கா ஷோகேஸுக்குத் தாராளமாக பெயிண்ட் அடிக்கலாம், ஏனென்றால் அடியில் காப்பாற்ற வேண்டிய மரம் ஏதுமில்லை. வழவழப்பு போகும்வரை தேய்த்து, லேமினேட்டில் ஒட்டக்கூடிய பிரைமர் பூசிவிட்டுத்தான் நிறம் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் நகம் பட்டாலே உரியும். அதன் நகரும் கண்ணாடிக்குப் பதில் பிரம்புப் பின்னல் பொருத்தினால் ஆளே மாறிவிடும். இரும்பு பீரோவை வீட்டில் பிரஷ் வைத்துப் பூசுவது வீண். துருவை நீக்கி, பவுடர் கோட்டிங் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். தையல் மெஷினின் வார்ப்பிரும்புக் கால்களுக்கு மேலே ஒரு பலகை போதும், கீழே மிதிபலகையை அப்படியே விடுங்கள்.

சாய்வு நாற்காலிக்கு வருகிறேன். கை நீண்ட, பர்மா தேக்கில் செய்த பழைய சாய்வு நாற்காலிகள் பிரம்பு கிழிந்த ஒரே காரணத்துக்காக விலைக்கு வருகின்றன. பலர் அந்த ஓட்டையை ஒரு பிளைவுட் பலகையும் ஃபோமும் வைத்து அடைத்துவிடுகிறார்கள். நம் வெயிலுக்கு அது அநியாயம். முதுகுக்கும் தொடைக்கும் காற்று போவதற்காகவே பிரம்பு போட்டார்கள். சட்டத்தைச் சுற்றிச் சிறு துளைகள் வரிசையாக இருக்கும். தண்ணீரில் ஊறவைத்து இளகிய பிரம்பிழையைத் துளையில் விட்டு, மரக்குச்சியால் தற்காலிகமாக இறுக்கி, நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு, பிறகு மூலைவாட்டில் இரண்டு திசையிலும் ஓட்டினால் எண்கோணக் கண்கள் விழும். காயக் காய இழை இறுகி, தட்டினால் டங்கென்று சத்தம் வரும். கிழியாமல் தொய்ந்து மட்டும் போன நாற்காலியா? அடிப்பக்கத்தில் ஈரத்துணியை ஒற்றி ஊறவைத்து நிழலில் காயவிடுங்கள். மேல்பக்கம் வழவழவென்றிருப்பதால் தண்ணீர் ஏறாது, அடிப்பக்கம்தான் உறிஞ்சும். பல நாற்காலிகள் இதிலேயே நிமிர்ந்துவிடுகின்றன. இந்தப் பின்னல் வேலையைப் பார்வையற்றோர் பலர் தொழிலாகக் கற்றிருக்கிறார்கள். அரசு அலுவலக நாற்காலிகளைப் பின்னுவதற்கென்றே அவர்களை வேலைக்கு எடுத்த காலம் உண்டு. விரல் நுனியில் கணக்கு வைத்துப் பின்னுகிற அவர்களின் கைவேகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் பிளைவுட் பக்கம் போக மாட்டார்கள்.

துணி மாற்ற வேண்டிய சோபா என்றால் ரெக்ஸினை உரித்துவிட்டு பவானி ஜமக்காளத்தைப் போர்த்திப் பாருங்கள். புவிசார் குறியீடு பெற்ற நெசவு. அந்த அகலக் கோடுகள் குஷனில் கம்பீரமாக உட்காரும். நைந்த காரைக்குடி கண்டாங்கிச் சேலையின் தலைப்பு தலையணை உறைக்கு ஆகும். ஜன்னல் மறைப்புக்குப் பத்தமடைக் கோரைப்பாய்.

காரைக்குடி என்றதும் முனீஸ்வரன் கோவில் தெருதான் நினைவுக்கு வரும். நகரத்தார் வீடுகளிலிருந்து பங்காளிகள் பிரித்துக் கொடுத்த சாமான்கள் வந்து சேரும் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. கதவு, தூண், ஜாடி, பித்தளைத் தவலை, ஸ்வீடனிலிருந்து கப்பலேறி வந்த எனாமல் பாத்திரங்கள். எனாமல் தூக்கில் பொத்தல் விழுந்திருந்தால் அதில் சாப்பாடு வைக்க வேண்டாம், பூ வையுங்கள். பித்தளைத் தவலையில் மண்ணை நேராகக் கொட்டிச் செடி வைத்தால் ஈரத்தில் களிம்பேறும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் தொட்டியை இறக்கி வையுங்கள். புளி போட்டு விளக்கிய கையோடு கழுவித் துடைத்து உலர்த்தாவிட்டால் திட்டுத்திட்டாகக் கறுக்கும். ரவிவர்மா அச்சகப் படங்கள் கிடைத்தால் (அந்த அச்சகம் 1894-ல் பம்பாயில் தொடங்கியது) புதுப் பலகையில் பசை போட்டு ஒட்டிவிடாதீர்கள். பழைய சட்டத்தின் பின்பலகையில் ஊறும் அமிலம்தான் தாளைப் பழுப்பாக்குகிறது. அமிலமில்லாத அட்டை வைத்து, கண்ணாடி தாளில் ஒட்டாமல் இடைவெளி விட்டு, வெயில் விழாத சுவரில் மாட்ட வேண்டும்.

பழைய ஜன்னலையும் கதவையும் கண்ணாடிச் சட்டமாகவோ மேஜையாகவோ மாற்றுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அவற்றின் மேலுள்ள பச்சை, மஞ்சள், நீலப் பூச்சுகளில் ஈயம் இருக்கலாம். வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016-ல் வந்து, 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சை உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேயுங்கள், சரியான முகக்கவசம் போடுங்கள், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பக்கத்தில் விடாதீர்கள், தூசியைப் பெருக்காமல் ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். சிறு துளைகளிலிருந்து மாவு போல உதிரும் மரத்தையும் உடனே வீட்டுக்குள் ஏற்றாதீர்கள். வெள்ளைத்தாளின் மேல் சில நாள் நிறுத்திவைத்தால், வண்டு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று தாளே சொல்லிவிடும்.

கோயில் விளக்கு, வாகனத்தின் துண்டு, கல்சிலை என்று யாராவது ரகசியமாகக் காட்டினால் விலையே கேட்காதீர்கள். நூறு ஆண்டு கடந்த இத்தகைய கலைப்பொருள்கள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள்கள். அவை அலங்காரத்துக்கு அல்ல.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மேலே சொன்னதில் பாதியை நீங்களே செய்யலாம், செய்யுங்கள். மீதியை அதற்கான கைகளிடம் கொடுங்கள். உங்கள் பேட்டையிலேயே ஒரு பாலிஷ்காரர், ஒரு பிரம்பு பின்னுபவர், காடி பிடிக்கத் தெரிந்த ஒரு ஆசாரி, பாத்திரத்துக்கு வெள்ளீயம் பூசுபவர் எல்லாம் இருப்பார்கள், விசாரித்தால் கிடைப்பார்கள். சந்தையில் சாமானுக்கு எவ்வளவு வேண்டுமானாலும் பேரம் பேசுங்கள். இந்தக் கைவினைஞர்கள் கேட்கிற கூலியில் மட்டும் பேரம் பேசாதீர்கள். அவர்களுக்கு வேலை வந்துகொண்டிருந்தால்தான் பக்கத்தில் ஒரு பையனை உட்காரவைத்து அந்தத் தொழிலைச் சொல்லிக்கொடுப்பார்கள்.