நூறு வாங்கியவள் கடைசியா?

சமையலறையில் உப்புக்கு ஒரு டப்பா, சர்க்கரைக்கு ஒரு டப்பா என்று அம்மா பெயர் எழுதி ஒட்டி வைப்பதை நாம் தினமும் காண்கிறோம். கணிப்பொறியில் அட்டவணை அமைப்பதும் இத்தகையதே.

தகவல்களை அட்டவணைகளாகப் பகுத்து வைக்கும் முறையை 1970-ஆம் ஆண்டில் எட்கர் காட் என்னும் அறிஞர் வகுத்துத் தந்தார். அதில் ஒவ்வொரு பத்திக்கும் ஒரு வகை உண்டு. முழு எண், தசம எண், எழுத்து, தேதி என்பன அவற்றுட் சில. வகையை நாம் கூறாவிடில், பல வேளைகளில் கணிப்பொறி தானே ஊகித்துக்கொள்ளும். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது!

நாங்கள் ஒருமுறை பைத்தான் மொழியில் வகுப்பு மதிப்பெண் பட்டியலை ஆக்கினோம். 0047 என்ற சேர்க்கை எண் வெறும் 47 ஆயிற்று. தேர்வெழுதாத ஒருத்திக்கு நேரே ‘வரவில்லை’ என்று குறித்திருந்தோம். அந்த ஒரு சொல்லால் மதிப்பெண் பத்தி முழுவதும் எழுத்தாகிவிட்டது. எழுத்துகளைக் கணிப்பொறி அகராதி முறையில், முதல் குறியிலிருந்து ஒப்பிடும். 9-ஐவிட 1 சிறியதன்றோ? எனவே தரவரிசை இட்டபோது, தேர்வுக்கே வராதவள் முதலிடம். நூறு வாங்கியவள் கடைசி இடம்! வகுப்பே சிரித்தது, நூறு வாங்கிய தோழி மட்டும் சிரிக்கவில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்னும் மரபணுப் பெயர்களை எக்ஸெல் தேதிகளாக மாற்றி வந்தமையால், 2020-இல் அப்பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று.

பரிகாரம் என்ன? வகையை நாமே அறிவித்துவிட வேண்டும். எஸ்.க்யூ.எல். மொழியில் ‘கிரியேட் டேபிள்’ எனும்போது பத்தியின் பெயரை அடுத்து அதன் வகையை எழுதுகிறோம். வேறோர் அட்டவணையிலிருந்து புதியதை உருவாக்கினால் ‘காஸ்ட்’ என்னும் கட்டளையால் வகையை நிலைநிறுத்தலாம். பைத்தானின் பாண்டாஸ் தொகுப்பில் ‘டிடைப்’ என்னும் குறிப்பு இதற்கு உதவும்.

எதற்கு எந்த வகை? கூட்டிக் கழிக்க வேண்டியது எண். பெயர்போல் அடையாளம் காட்டுவது எழுத்து. ஆகவே சேர்க்கை எண்ணும் தொலைபேசி எண்ணும், இலக்கங்களாயினும், எழுத்து வகையே. பணத்துக்குத் துல்லியமான ‘டெசிமல்’ வேண்டும். மிதவைப் புள்ளி எண்ணாக வைத்தால் 0.1-உம் 0.2-உம் சேர்ந்து 0.30000000000000004 ஆகிவிடும். வராதவளின் இடம் வெற்றிடமாக இருக்கட்டும். அங்கே சுழியம் இட்டால் அவள் எழுதித் தோற்றவளாகிவிடுவாள்.

நாங்கள் அவ்வாறே திருத்தினோம். 0047 தன் சுழியங்களைத் திரும்பப் பெற்றது; நூறு வாங்கிய தோழியும் தன் முதலிடத்தைப் பெற்றாள். கணிப்பொறி விரைவாக வேலை செய்யும். எது எதுவென்று சொல்லித் தருவது நம் கடமையாகும்.