தொடர்நிலையும் ஓர் இசைத்தட்டும்

பேராக் மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா வந்தால் விடிய விடியக் கூத்து நடைபெற்றதுண்டு. இடையில் எழுந்து சென்றவர் கதையை இழந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் ஈப்போ முதலிய நகரங்களுக்குக் குடிபெயர்ந்தபின் அவ்வழக்கம் அருகியது. இன்று பாட்டும் கைப்பேசியில் துணுக்குத் துணுக்காகவே கேட்கப்படுகிறது.

இந்நிலையிலும், ஓர் இசைத்தட்டை முதலிலிருந்து முடிவுவரை கேட்டல் வேண்டும் என வற்புறுத்தும் சுவைஞர் கூட்டம் ஒன்று உலகெங்கும் உளது. ‘புரோக்ரெசிவ் மெட்டல்’ எனும் வன்மையான மேலை இசையை விரும்புவோர் அவர். அமெரிக்க நாட்டு ‘டிரீம் தியேட்டர்’ குழுவினர் 1992இல் வெளியிட்ட தட்டில் ‘மெட்ரோபாலிஸ் – முதற் பாகம்’ என்றொரு பாட்டு இருந்தது. முதற் பாகம் எனின் அடுத்தது யாது எனச் சுவைஞர் கேட்டவண்ணம் இருந்தனர். 1999இல் இரண்டாம் பாகம், ஒரு பாட்டாக அன்றி, 77 நிமிட முழுத் தட்டாகவே வந்தது.

இத்தட்டை அவர் போற்றுவதன் காரணத்தைத் தண்டியலங்காரம் கொண்டு எளிதில் விளக்கலாம். அந்நூல் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காக வகுக்கிறது. தொடர்நிலை, பொருளால் தொடர்வதும் சொல்லால் தொடர்வதும் என இருதிறப்படும்.

இத்தட்டு பொருள் தொடர்நிலை. இரண்டு அங்கம், ஒன்பது காட்சி, பன்னிரண்டு உருப்படி. நிக்கலஸ் என்பவன் மருத்துவன் ஒருவனால் அறிதுயிலில் ஆழ்த்தப்பட்டு, முற்பிறப்பில் தான் 1928இல் கொலையுண்ட விக்டோரியா என்னும் பெண் என்று உணர்கிறான். மணிபல்லவத்துப் புத்த பீடிகையைக் கண்டு, தான் இராகுலன் மனைவி இலக்குமியாக இருந்ததை மணிமேகலை உணர்ந்தது தமிழாசிரியர் நினைவுக்கு வரும். ஆயின் முடிவு வேறு. மணிமேகலைக்குப் பழம்பிறப்பு உணர்ச்சி துறவுக்கு வழியாயிற்று. நிக்கலஸோ விடுதலை பெற்றதாக எண்ணிய அன்றே மாள்கிறான். அம்மருத்துவனே பழைய கொலைஞன்.

மணிமேகலையின் பதிகம் முப்பது காதைகளையும் முன்னரே தொகுத்துரைக்கும். இத்தட்டின் ‘முன்னிசை 1928’ என்னும் உருப்படியும் பின்வரும் இசைக் கூறுகள் சிலவற்றை முன்னரே ஒலித்துக் காட்டுகிறது. முதற் பாகத்தின் இசைக் கூறுகளும் இடையிடையே மாறிய வடிவில் மீள்கின்றன. தனியொரு பாட்டை மட்டும் கேட்போர் இவ்வுறவுகளை உணர்தல் அரிது.

சொல் தொடர்நிலைக்கும் இக்குழுவினரிடம் சான்று உண்டு. இத்தட்டின் ஈற்றில் எழும் இரைச்சலே 2002இல் வந்த தட்டின் தொடக்கம். அதன் இறுதி ஒலியே 2003ஆம் ஆண்டுத் தட்டின் முதல் ஒலி. அதன் ஈற்றொலி 2005ஆம் ஆண்டுத் தட்டின் முதலாகி, அத்தட்டின் இறுதியிலும் மீண்டும் ஒலிக்கிறது. அந்தம் ஆதியாதலின் இஃது அந்தாதி. இறுதித் தட்டு மண்டலித்தும் முடிகிறது.

அக்குழுவினர் தண்டியைக் கற்று இவ்வாறு செய்தனர் என்பதன்று. முழுமையை நாடும் உள்ளம் எம்மொழியிலும் ஒத்த வழிகளையே காண்கிறது. பாடநூலில் காப்பியம் சில அடிகளாகவே இடம்பெறுவதால், மாணவர் அதனை முத்தகம் போலக் கற்று மறக்கின்றனர். அவருள் எவரேனும் இத்தகைய இசைத்தட்டை முழுதும் கேட்பவராயின், அப்பொறுமையைக் குறையெனக் கடியாது, மணிமேகலையை முழுதும் படிக்கத் தக்க பயிற்சியெனக் கொள்ளல் ஆசிரியர்க்கு நலம் பயக்கும்.