இன்டோர் ஹெலிகாப்டர் பழகிவிட்டதா? அடுத்து எதை வாங்கலாம்?

வீட்டு ஹாலில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, ரிமோட் ஹெலிகாப்டரை மேஜையிலிருந்து கிளப்பி சோபாவில் இறக்கும் அளவுக்கு நீங்கள் தேறிவிட்டீர்களா? அப்படியானால் அடுத்த ஆசை தானாகவே வந்திருக்கும். வெளியில், கொஞ்சம் பெரியதாக, நிஜ ஹெலிகாப்டர் போல ஒன்றைப் பறக்கவிட வேண்டும். இந்த இடத்தில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். நானும் இழந்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

கம்ப்யூட்டர் இதழில் ஹெலிகாப்டருக்கு என்ன வேலை என்று நினைக்க வேண்டாம். நீங்கள் புதிதாக வாங்கி வைத்திருக்கும் கம்ப்யூட்டர்தான் இந்தக் கலையில் உங்களுக்கு மிகச் சிக்கனமான ஆசிரியர். எப்படி என்று பார்க்கலாம்.

ஹாலில் பறப்பது வேறு, கண்மாயில் பறப்பது வேறு

2006ல் வந்த சில்வர்லிட் நிறுவனத்தின் பிக்கூ இசட், அதன் பின் வந்து உலகெங்கும் விற்றுத் தீர்ந்த சைமா எஸ்107 ஆகியவைதான் பலருக்கும் முதல் ஹெலிகாப்டர். எஸ்107ல் ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டு ரோட்டார்கள் எதிரெதிர் திசையில் சுற்றும். ஒன்றின் திருகு விசையை மற்றொன்று சமன் செய்துவிடும். எனவே ஸ்டிக்கை விட்டாலும் அது கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். யு.எஸ்.பி. வயர் மூலம் கம்ப்யூட்டரிலேயே சார்ஜ் செய்திடலாம் என்பதால், கம்ப்யூட்டர் வாங்கிய பல வீடுகளில் இது துணைக்கு வந்து உட்கார்ந்தது.

ஆனால் இதற்கு மூன்றே கட்டுப்பாடுகள்தான். மேலே கீழே, முன்னே பின்னே, இடம் வலமாகத் திரும்புதல். பக்கவாட்டில் நகரத் தெரியாது. காற்று ஒரு பக்கமாகத் தள்ளினால் எதிர்த்து நிற்க அதனிடம் வழியே இல்லை. மேலும் இதன் ரிமோட், டிவி ரிமோட்டைப் போல அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்கிறது. வெயிலிலும் அதே கதிர் ஏராளமாக இருப்பதால், வெளியே கொண்டு போனதும் ரிசீவர் திணறிவிடும். எங்கள் மொட்டை மாடியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு இதைச் சோதித்துப் பார்த்தேன். ஹெலிகாப்டர் என் சொல்லைக் கேட்காமல் பக்கத்து வீட்டுத் தென்னை மரத்தில் போய் உட்கார்ந்தது. தேங்காய் பறிக்க ஆள் வந்தபோதுதான் திரும்பக் கிடைத்தது.

எனவே வெளியில் பறப்பதற்கு 2.4 கிகா ஹெர்ட்ஸ் ரேடியோ ரிமோட்டும், குறைந்தது நான்கு சேனல்களும் தேவை.

அடுத்த படி இரண்டு வகை

நான்கு சேனல் ஹெலிகாப்டரில் மேலே ஒரே ரோட்டார், வாலில் சிறிய ரோட்டார். மேல் ரோட்டார் ஒரு பக்கம் சுற்றினால் உடல் மறுபக்கம் சுற்றப் பார்க்கும். அதை வால் ரோட்டார் தடுக்கிறது. இதில் பிளேடுகளின் கோணம் மாறாதது ஒரு வகை. மோட்டார் வேகத்தைக் கூட்டினால் மேலே போகும், குறைத்தால் இறங்கும். இதனை பிக்ஸட் பிட்ச் என்பார்கள். 2009ல் வந்த பிளேடு எம்.எஸ்.ஆர்., பின்னர் வந்த டபிள்யூ.எல். டாய்ஸ் வி911 எல்லாம் இந்த வகை. உள்ளங்கை அளவுதான் இருக்கும். எடை மிகக் குறைவு என்பதால் விழுந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எடுத்துத் தூசி தட்டி மறுபடியும் கிளப்பலாம்.

மற்றொரு வகையில் மோட்டார் ஒரே வேகத்தில் சுற்றும், பிளேடுகளின் கோணம் மாறும். இதற்கு கலெக்டிவ் பிட்ச் என்று பெயர். ரோட்டாருக்குக் கீழே உள்ள ஸ்வாஷ் பிளேட் என்னும் தட்டை மூன்று சர்வோ மோட்டார்கள் தூக்கி இறக்கிச் சாய்க்கின்றன. நிஜ ஹெலிகாப்டரும் இந்த முறையில்தான் பறக்கிறது. காற்றில் நன்றாக நிற்கும். தலைகீழாகவும் பறக்கும். டபிள்யூ.எல். டாய்ஸ் வி977, ஓ.எம்.பி. ஹாபி எம்2, தைவான் நாட்டு அலைன் நிறுவனத்தின் டி-ரெக்ஸ் 450 ஆகியவை இதில் சேரும். ஸ்டிக்கை ஒரு நூல் அளவு தப்பாக அசைத்தால், யோசிப்பதற்குள் தரையில் கிடக்கும்.

நான் செய்த தவறு, எஸ்107லிருந்து நேராக 450 அளவு ஹெலிகாப்டருக்குத் தாவியது. ஹாலில் அசத்துகிறோமே, இது என்ன பெரிய விஷயம் என்ற நினைப்பு. முதல் நாள் இருபது விநாடி நின்றது. பிறகு சாய்ந்து பிளேடு தரையைத் தொட்டது. ஒரே விழுகையில் இரண்டு பிளேடுகள், நடு ஷாப்ட், பிளேடுகளைத் தாங்கும் சிறிய ஷாப்ட், வால் குழாய், ஒரு பெரிய கியர் எல்லாம் போயிற்று. உதிரிப் பாகங்கள் தபாலில் வந்து சேர மூன்று வாரம் ஆனது. பொருத்தினேன். மறுபடியும் அதேதான். அதன் பின் ஒரு வருடம் அந்த ஹெலிகாப்டர் பரணில் இருந்தது. வீட்டில் விலை என்ன என்று கேட்டபோது பாதியைத்தான் சொன்னேன்.

முதலில் ரிமோட், பிறகு கம்ப்யூட்டர், கடைசியில் ஹெலிகாப்டர்

இந்த வரிசையில் வாங்கினால் பணம் மிஞ்சும். பெட்டியோடு வரும் பொம்மை ரிமோட்டைப் பெரும்பாலும் அந்த ஒரு ஹெலிகாப்டருக்குத்தான் பயன்படுத்த முடியும். அதற்குப் பதிலாக நல்ல ரிமோட் ஒன்றைத் தனியாக வாங்கிவிட்டால் அது பல ஆண்டுகள் உழைக்கும். ரேடியோமாஸ்டர் போன்ற நிறுவனங்களின் பல ரிமோட்டுகளில், வெவ்வேறு நிறுவனங்களின் ஹெலிகாப்டர்களோடு பேசக்கூடிய மல்டி புரோட்டோகால் வசதி இருக்கிறது. வாங்கும் முன் உங்கள் ஹெலிகாப்டரின் புரோட்டோகால் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கொள்ளுங்கள். ரிமோட் இல்லாமல் ஹெலிகாப்டர் மட்டும் வரும் பெட்டி விலை குறைவாகவும் இருக்கும்.

இந்த ரிமோட்டை யு.எஸ்.பி. வயரில் கம்ப்யூட்டரோடு இணைத்தால், விண்டோஸ் அதை ஒரு ஜாய்ஸ்டிக்காக எடுத்துக் கொள்ளும். சரியாக எடுத்துக் கொண்டதா என்று பார்க்க, விண்டோஸ் கீயையும் ஆர் கீயையும் சேர்த்து அழுத்தவும். வரும் சிறிய கட்டத்தில் ஜே, ஓ, ஒய், ஒரு புள்ளி, சி, பி, எல் என ஆங்கில எழுத்துக்களை இடைவெளி இன்றி டைப் செய்து என்டர் தட்டவும். கேம் கண்ட்ரோலர்கள் பட்டியலில் உங்கள் ரிமோட்டின் பெயர் இருக்கும். அதன் பிராப்பர்ட்டீஸில் சென்று ஸ்டிக்குகளை அசைத்தால் திரையில் குறிகள் நகர வேண்டும். நடுவில் விட்டபோது குறி நடுவில் நிற்காவிட்டால், அங்கேயே செட்டிங்ஸ் பிரிவில் உள்ள காலிபரேட் பட்டனை அழுத்திச் சரி செய்திடலாம்.

அடுத்து சிமுலேட்டர். 2000களில் ஜெர்மனியில் உருவான எப்.எம்.எஸ். என்ற இலவச சிமுலேட்டர் பலருக்குக் கை கொடுத்தது. அப்போது பிரிண்டர் மாட்டும் பேரலல் போர்ட்டில் ரிமோட்டை இணைக்க, சாலிடரிங் அயர்ன் பிடித்து வயர் செய்தவர்கள் உண்டு. இன்று அந்தச் சிரமம் இல்லை. ஹெலி-எக்ஸ், நெக்ஸ்ட் ஆகியவற்றுக்கு இலவச டெமோ பதிப்புகள் உள்ளன. ரியல்பிளைட் விலை கொடுத்து வாங்க வேண்டியது. பீனிக்ஸ் என்ற பெயர் பெற்ற சிமுலேட்டரின் விற்பனை நின்றுவிட்டது. மலிவான சிமுலேட்டர் வயரோடு சிடி ஒன்றும் சேர்த்துத் தருவார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் திருட்டுப் பிரதி. வைரஸும் வரலாம். வயரை மட்டும் எடுத்துக் கொண்டு சிடியை ஒதுக்கிவிடுங்கள்.

உங்கள் கம்ப்யூட்டர் சாதாரணமானதாக இருந்தால் கிராபிக்ஸ் தரத்தைக் குறைத்து வைக்கவும். மரத்தின் இலை தெளிவாகத் தெரிவது முக்கியமல்ல. ஸ்டிக் அசைந்ததற்கும் திரையில் ஹெலிகாப்டர் அசைவதற்கும் இடையே தாமதம் இருக்கக் கூடாது. தாமதத்தோடு பழகினால் கை தப்பாகப் பழகிவிடும்.

பயிற்சியை ஒரே இடத்தில் நிறுத்துவதில் தொடங்குங்கள். வால் உங்களைப் பார்க்க ஒரு நிமிடம். பிறகு இடது பக்கம் தெரிய, வலது பக்கம் தெரிய. கடைசியாக மூக்கு உங்களைப் பார்க்க. இதில்தான் எல்லோரும் விழுவார்கள். ஹெலிகாப்டர் உங்களை நோக்கித் திரும்பியதும் இடம் வலமாகவும், வலம் இடமாகவும் மாறிவிடும். நேர் எதிரே நிற்பவர் தலை வாருவதைப் பார்த்து நீங்களும் அதே கையால் வார முயல்வது போலத்தான். திரையில் ஐம்பது முறை விழுந்தாலும் ஸ்பேஸ் பார் தட்டினால் புது ஹெலிகாப்டர். (சிமுலேட்டருக்குச் சிமுலேட்டர் இந்தக் கீ மாறும்.) நான் இரவு சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம் வீதம் இரண்டு மாதம் உட்கார்ந்தேன். அதன் பிறகுதான் பரணில் இருந்த பெட்டி கீழே இறங்கியது.

அப்படியானால் எதை வாங்குவது?

வி911 போன்ற சிறிய நான்கு சேனல் ஒன்றும், கூடவே சிமுலேட்டரும். இது என் முதல் சிபாரிசு. சில மாதங்கள் கழித்து, சிமுலேட்டரில் மூக்கு உங்களைப் பார்க்க நிறுத்த முடிகிறது என்றால், வி977 போன்ற சிறிய கலெக்டிவ் பிட்ச் ஹெலிகாப்டருக்குப் போகலாம். 450 அளவு அதற்கும் பிறகுதான்.

இப்போது உயரத்தைத் தானே பிடித்து நிற்கும் ஹெலிகாப்டர்களும் வருகின்றன. பெல் 206 போன்ற நிஜ ஹெலிகாப்டர்களின் தோற்றத்தில் அழகாக இருக்கும். ஸ்டிக்கை விட்டால் அப்படியே நிற்கும். குழந்தைகளுக்குக் காட்ட நல்லது. ஆனால் அதில் பழகினால் த்ராட்டில் கை வராது. பறப்பதைக் கற்க விரும்புபவர்களுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அழகு போதும் என்பவர்கள் தாராளமாக வாங்கலாம்.

எந்த மாடலாக இருந்தாலும் பணம் கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அதன் பிளேடு, ஷாப்ட், வால் மோட்டார், பேட்டரி ஆகியவை இந்தியாவில் யாரிடமாவது ஸ்டாக்கில் உள்ளதா என்று இணையத்தில் தேடுங்கள். இல்லை என்றால் ஹெலிகாப்டர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

பேட்டரி, பிளேடு இரண்டும் விளையாட்டல்ல

லித்தியம் பாலிமர் பேட்டரியில் ஒரு செல் 3.7 வோல்ட். முழுதாக சார்ஜ் ஆனால் 4.2. மூன்று செல் சேர்ந்தால் 11.1 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே செல் இறங்கினால் கெட்டுவிடும். பறக்காத நாட்களில் செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்திருங்கள். சார்ஜ் செய்யும் வேகமும் முக்கியம். 450 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி என்றால் 0.45 ஆம்பியரில் சார்ஜ் செய்வது பாதுகாப்பு. இரவில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கக் கூடாது. உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜ் செய்யவே கூடாது. மதுரை சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் பேட்டரியை வைத்துவிட்டுப் போவது வினையை விலைக்கு வாங்குவது.

450 அளவு ஹெலிகாப்டரின் ரோட்டார் விட்டம் சுமார் 70 சென்டி மீட்டர். நிமிடத்துக்கு 2,500 முறை சுற்றினால் பிளேடு நுனியின் வேகம் மணிக்கு சுமார் 330 கிலோ மீட்டர். விரல் போய்விடும். பத்து மீட்டராவது தள்ளி நில்லுங்கள். மோட்டாரை நிறுத்தும் த்ராட்டில் ஹோல்ட் சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் அருகில் செல்ல வேண்டும். சிறுவர்கள் கையில் இதைக் கொடுக்க வேண்டாம்.

மதுரையில் எங்கே பறக்கவிடலாம்?

விமான நிலையம் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. 2021ம் ஆண்டு டிரோன் விதிகளின்படி, விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோ மீட்டருக்குள் பச்சை மண்டலம் கிடையாது. முன் அனுமதி வேண்டும். எனவே அவனியாபுரம், வில்லாபுரம், திருப்பரங்குன்றம் பக்கம் ஆசைப்பட வேண்டாம். 8 முதல் 12 கிலோ மீட்டர் வரை 200 அடி உயரமும், அதற்கு அப்பால் 400 அடி உயரமும் பச்சை மண்டலம். அழகர்கோவில், மேலூர் பக்கம் போனால் இந்தத் தூரத் தொல்லை இல்லை. எங்கே போனாலும் முதலில் டிஜிட்டல் ஸ்கை தளத்தின் வரைபடத்தில் அந்த இடத்தைப் பார்த்து விடுங்கள். 250 கிராம் வரை உள்ள நானோ வகைக்கும், வணிக நோக்கமில்லாமல் பறக்கும் 2 கிலோ வரையான மைக்ரோ வகைக்கும் பைலட் சான்றிதழ் தேவையில்லை.

சிறுவயது ஆர்வம் எங்கெல்லாம் கொண்டு போகும் என்பதற்கு சென்னை எம்.ஐ.டி.யின் தக்ஷா மாணவர் குழு உண்டு. நடிகர் அஜித்குமார் ஆலோசகராக இருந்த இந்தக் குழு, 2018ல் ஆஸ்திரேலியாவில் நடந்த மெடிக்கல் எக்ஸ்பிரஸ் ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. அஜித்துக்கும் ரேடியோ விமானம் நெடுநாள் பொழுதுபோக்கு.

இடம் என்று பார்த்தால் கோடையில் வற்றிய கண்மாய்தான் நம் பக்கத்து மைதானம். விரிந்த மண் தரை, மின்கம்பி குறைவு. ஆனால் ஓரமெல்லாம் சீமைக் கருவேலம். ஹெலிகாப்டர் அதற்குள் விழுந்தால் முள்ளோடு மல்லுக்கட்டித்தான் எடுக்க வேண்டும். ஆடு மேய்ப்பவர்கள் இருந்தால் அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மந்தை கடந்த பின் கிளப்புங்கள். ஆனி, ஆடியில் அடிக்கும் மேல்காற்றில் சிறிய ஹெலிகாப்டரை வெளியே எடுக்கவே வேண்டாம். மற்ற மாதங்களில் காலை ஆறு மணி முதல் ஏழரை வரை காற்று பெரும்பாலும் அசையாமல் இருக்கும். கிளப்பும் முன் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து விட்டுப் பாருங்கள். நேராகக் கீழே விழுந்தால் பேட்டரியை மாட்டலாம்.