எப்போதிலிருந்து இப்படி?

சாலைக் கடைத்தெருவில் வசிக்கும் என் நண்பர் ஒருவர், தம் பதின்மூன்று வயதுப் பேரனைப் பற்றிக் கவலையுடன் சொன்னார். பையன் கத்துகிறான், பொருள்களை வீசுகிறான், இரவில் உறங்குவதில்லை. ஒரு மருத்துவர் 'ஆஸ்பர்ஜர்' என்றாராம். மற்றொருவர் 'பைபோலார்' எனப்படும் இருமுனை மனநோய் என்றாராம். "எதை நம்புவது?" என்றார் நண்பர். அவருக்காகப் படித்தும் கேட்டும் அறிந்ததை இங்கே தருகிறேன்.

வியன்னாவின் குழந்தை மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பர்ஜர் 1944-இல் விவரித்த நிலை முதலாவது. பேச்சு நன்றாக வரும்; ஆனால் பிறர் மனக்குறிப்பை அறிவதும் கூடிப் பழகுவதும் கடினம். ஏதேனும் ஒரு விஷயத்தில் அளவு கடந்த ஈடுபாடு இருக்கும். 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் இதை ஆட்டிசத்தின் கீழ்ச் சேர்த்துவிட்டது. இருமுனை மனநோய் வேறு. அதில் மன எழுச்சியும் சோர்வும் கட்டம் கட்டமாக வந்து போகும். சிறு குழந்தைகளிடம் அது அரிது. பதின்ம வயதிலோ அதற்குப் பின்னரோதான் பெரும்பாலும் தொடங்கும்.

கோபம், ஓயாத பேச்சு, தூக்கக் குறைவு ஆகியவை இரண்டிலும் காணப்படலாம். ஆகவே, 'என்ன செய்கிறான்' என்பதோடு 'எப்போதிலிருந்து' என்றும் கேட்க வேண்டும். ஆட்டிசம் மழலைப் பருவம் முதலே உடன் வருவது. அன்றாட வழக்கம் மாறினாலோ இரைச்சல் மிகுந்தாலோ பிள்ளை வெடிப்பான்; காரணம் நீங்கினால் பெரும்பாலும் தணிவான். எழுச்சிக் கட்டத்திலோ அவனது இயல்பே மாறிவிடும். மிதமிஞ்சிய உற்சாகமோ எரிச்சலோ ஒரு வாரமும் அதற்கு மேலும் நீடிக்கும். இரண்டு மூன்று மணி நேரமே உறங்கினாலும் களைப்புத் தெரியாது.

இதில் தவறினால் துன்பம் பிள்ளைக்குத்தான். மனச்சோர்வுக்கான மாத்திரையை மட்டும் தந்தால், இருமுனை நோயுள்ளவருக்கு அது எழுச்சியைத் தூண்டிவிடக் கூடும். 'அவன் சுபாவமே அப்படி' என்று இருந்துவிட்டாலோ உரிய சிகிச்சை தள்ளிப்போகும்.

நண்பரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் தேதியிட்டு எழுதச் சொன்னேன். பாட்டி சொல்ல மருமகள் எழுதினாள். மூன்று வயதிலேயே தீப்பெட்டிகளை வரிசையாக அடுக்கி, ஒன்று நகர்ந்தாலும் அழுதிருக்கிறான். உறக்கமில்லாத இரவுகளோ சென்ற ஓணத்துக்குப் பிறகுதான். இரண்டும் ஒரே பிள்ளையிடம் இருப்பதுண்டு என்பதை அப்போதுதான் நண்பர் உணர்ந்தார்.

முடிவு சொல்ல வேண்டியவர் குழந்தை மனநல மருத்துவரே. நமது மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே குழந்தை வளர்ச்சி மையம் இருக்கிறது. அவசரத்தில் மலையாளத்தில் சொல்லும்போது பாதி விட்டுப்போகிறது நம் தாய்மார்களுக்கு. வீட்டில் தமிழில் எழுதிய நோட்டு கையில் இருந்தால் எதுவும் விட்டுப்போகாது.