6.4 வாங்கியவருக்கு எந்தக் கதவு திறக்கும்?

செமஸ்டர் ரிசல்ட் வரும் நாளில் கல்லூரி மாணவர்கள் இருக்கும் பல வீடுகளில் ஒரே மாதிரியான குழப்பம் நடக்கும். பிள்ளை ‘7.2’ என்று சொல்லும். அது நல்ல மார்க்கா, சுமாரா என்று அப்பா, அம்மாவுக்குப் பிடிபடாது. பிளஸ் டூ வரை 600-க்கு இவ்வளவு என்று கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். சொந்தத்தில் யாரோ ஒரு பிள்ளை 8.6 வாங்கியதாகக் காதில் விழுந்ததும், விவரம் கேட்காமலேயே வீட்டில் பேச்சு கிளம்பிவிடும்.

அந்த எண்ணை எங்கெல்லாம் கேட்பார்கள், எங்கெல்லாம் கேட்க மாட்டார்கள் என்பது தெரியாததால், இரண்டு விதமான தவறுகள் நடக்கின்றன. 6.4 வாங்கிய பிள்ளை ‘நமக்கு இனி ஒன்றுமில்லை’ என்று ஒதுங்கிக்கொள்கிறது. 8.6 வாங்கிய பிள்ளை ‘எல்லாம் தானாக வரும்’ என்று காத்திருக்கிறது. கல்விக்கடன் வாங்கிப் படிக்கும் வீட்டில் இந்த இரண்டுமே காசு நஷ்டம்தான்.

அந்த எண் எப்படி வருகிறது?

நிலையான மதிப்பெண் எல்லைகள் கொண்ட ஒரு முறையை உதாரணமாக எடுத்துக்கொள்ளலாம். 91 முதல் 100 வரை ‘ஓ’ கிரேடு, அதற்கு 10 புள்ளி. 81 முதல் 90 வரை ‘ஏ பிளஸ்’, 9 புள்ளி. 71 முதல் 80 வரை ‘ஏ’, 8 புள்ளி. 61 முதல் 70 வரை ‘பி பிளஸ்’, 7 புள்ளி. 56 முதல் 60 வரை ‘பி’, 6 புள்ளி. 50 முதல் 55 வரை ‘சி’, 5 புள்ளி. 81 வாங்கியவருக்கும் 90 வாங்கியவருக்கும் ஒரே புள்ளிதான். 90-க்கும் 91-க்கும் இடையில் மட்டும் ஒரு முழுப் புள்ளி தள்ளிப்போகிறது. வேறு பல்கலைக்கழகங்களில் எல்லைகள் கொஞ்சம் மாறலாம், முறை ஏறக்குறைய இதுதான்.

அடுத்தது கிரெடிட். ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எடை உண்டு. பாடத்தின் கிரெடிட்டைக் கிரேடு புள்ளியால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுத்தால் வருவதுதான் சி.ஜி.பி.ஏ. 4 கிரெடிட் கணக்குப் பாடத்தில் 6 புள்ளியை 9 ஆக்கினால் கூட்டுத்தொகையில் 12 ஏறும். 2 கிரெடிட் லேப்பில் அதே முன்னேற்றம் 6 மட்டுமே ஏற்றும். பரீட்சைக்கு நாள் குறைவாக இருக்கும்போது எந்தப் புத்தகத்தை முதலில் எடுப்பது என்பதற்கு விடை இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

முதல் வருடம் ஏன் கனமானது?

‘முதல் வருடம் ஜாலியாக இருக்கட்டும், பிறகு பிடித்துக்கொள்ளலாம்’ என்பது ஹாஸ்டல்களில் அடிக்கடி கேட்கும் வாக்கியம். கணக்கு வேறு மாதிரிச் சொல்கிறது.

நான்கு வருடத்துக்கு மொத்தம் 160 கிரெடிட், வருடத்துக்கு 40 என்று வைத்துக்கொள்வோம். முதல் வருட முடிவில் 6.4 வைத்திருக்கும் மாணவி, படிப்பு முடியும்போது 7-ஐத் தொட விரும்பினால், மீதி மூன்று வருடமும் சராசரியாக 7.2 எடுத்தால் போதும். அதே 6.4 மூன்றாம் வருட முடிவில் இருந்தால், கடைசி வருடத்தில் 8.8 எடுக்க வேண்டும். ப்ராஜெக்ட், இன்டர்வியூ, ஊர் அலைச்சல் எல்லாம் ஒன்றாக வரும் வருடத்தில் அது லேசான காரியம் இல்லை.

ஆனால், அதே மாணவிக்குத் தேவைப்படுவது 6.5 மட்டும்தான் என்றால், கடைசி வருடத்தில் 6.8 போதும். அதனால்தான் ‘மார்க்கை ஏற்று’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதைவிட, ‘எந்தக் கதவு எவ்வளவு கேட்கிறது’ என்று பார்ப்பது முக்கியம்.

எண்ணைக் கேட்கும் கதவுகள்

முதலாவது, கேம்பஸ் இன்டர்வியூ. பெரும் எண்ணிக்கையில் ஆள் எடுக்கும் ஐ.டி நிறுவனங்களில் பல, பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, பட்டம் மூன்றிலும் 60 சதவிகிதம் அல்லது அதற்கு இணையான சி.ஜி.பி.ஏ. கேட்பது வழக்கம். கூடவே ‘ஸ்டாண்டிங் அரியர்’ இருக்கக்கூடாது. இங்கே 6.4 உள்ளே வரும், 7.8 வைத்திருந்தும் ஒரு பேப்பர் நிலுவையில் இருப்பவர் வெளியே நிற்பார். எல்லையைத் தாண்டிய பிறகு, ஆன்லைன் தேர்வும் நேர்காணலும்தான் பெரும்பாலும் வேலையைத் தீர்மானிக்கின்றன.

இரண்டாவது, மேல்படிப்பு. ஐ.ஐ.எம்-களுக்கான கேட் நுழைவுத்தேர்வு எழுதப் பட்டத்தில் 50 சதவிகிதம் வேண்டும், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 45. கல்லூரிப் பேராசிரியர் பணிக்கான நெட் தேர்வுக்கு முதுகலையில் 55 சதவிகிதம் என்பது பொதுவான விதி, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 50.

மூன்றாவது, சில அரசுப் பணிகள். ரிசர்வ் வங்கியின் கிரேடு பி பொதுப் பிரிவுப் பணிக்குப் பட்டத்தில் 60 சதவிகிதம் கேட்கிறார்கள். எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 50.

நான்காவது, வெளிநாடு. ஜெர்மனி இந்திய மதிப்பெண்ணைத் தன் முறைக்கு மாற்றிப் பார்க்கும். அங்கே 1 என்பது மிகச் சிறப்பு, 4 என்பது வெறும் பாஸ். அதிகபட்சம் 10, பாஸ் 5 என்ற முறையில் 7.5 வாங்கியவருக்கு அங்கே 2.5 வரும். பல முதுகலைப் படிப்புகள் 2.5 என்பதையே எல்லையாக வைத்திருக்கின்றன. இதோடு இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பர் முதல் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். ‘ஃபீஸ் கிடையாது’ என்று கேள்விப்பட்டுக் கிளம்புபவர்கள், ஒரு வருடச் செலவுக்கான பணத்தை முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். 2024 செப்டம்பரில் அந்தத் தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது.

எண்ணைக் கேட்காத கதவுகள்

யு.பி.எஸ்.சி. சிவில் சர்வீஸ் தேர்வுக்கு அங்கீகரிக்கப்பட்ட ஒரு பட்டம் போதும், குறைந்தபட்ச மதிப்பெண் கிடையாது. கடைசி வருடம் படிப்பவர்களும் முதல்நிலைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1, குரூப் 2-வில் பெரும்பாலான பதவிகளுக்கும் பட்டம்தான் தகுதி. குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும் என்றாலும் பட்டதாரிகள் ஏராளமாக எழுதுகிறார்கள். இங்கே சி.ஜி.பி.ஏ-வைவிடத் தமிழ்தான் முக்கியம். தமிழ்த் தகுதித்தாளில் 40 சதவிகிதம் எடுக்காவிட்டால் மற்ற விடைகள் மதிப்பிடப்படாது. வங்கிகளின் புரொபேஷனரி ஆபீசர் தேர்வுகளுக்கும் எந்தப் பட்டமும் சரி.

இன்ஜினீயரிங் மாணவர்கள் எழுதும் ‘கேட்’ தேர்வு வேறு. எம்.பி.ஏ-வுக்கான கேட்டும் இதுவும் பெயரில்தான் ஒன்று. இந்தத் தேர்வை எழுத மதிப்பெண் எல்லை இல்லை. மூன்றாம் வருடத்திலேயே எழுதலாம், ஸ்கோர் மூன்று வருடம் செல்லும். நல்ல ஸ்கோரோடு எம்.டெக். சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை கிடைக்கும் வாய்ப்பும் உண்டு. ஆனால், இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. தேர்வு கேட்காத மார்க்கை, சேர்க்கையின்போது கல்வி நிறுவனமும், வேலைக்கு எடுக்கும்போது பொதுத்துறை நிறுவனமும் கேட்கக்கூடும். ஸ்கோர் வந்த பிறகு இதைத் தெரிந்துகொண்டு பயன் இல்லை. விண்ணப்பிக்கும் முன்பே அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பைப் படித்துவிட வேண்டும்.

வேலையும் கிடைக்கவில்லை, மேலே படிக்கவும் மனமில்லை என்பவர்களுக்கு அப்ரென்டிஸ் பயிற்சி ஒரு நல்ல இடைவழி. சென்னை தரமணியில் இருக்கும் தென்மண்டல அப்ரென்டிஸ் பயிற்சி வாரியம் இதற்கான அலுவலகம். ஒரு வருடப் பயிற்சி, மாத உதவித்தொகை, முடிவில் மத்திய அரசின் சான்றிதழ். நிரந்தர வேலை என்ற உத்தரவாதம் இல்லை. ஆனால், ‘அனுபவம் உண்டா’ என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஏதாவது கையில் இருக்கும்.

கேட்காத கதவு வேறு விலை கேட்கும்

மதிப்பெண் கேட்காத தேர்வுகள் வருடங்களைக் கேட்கின்றன. சிவில் சர்வீஸில் சமீப ஆண்டுகளில் சுமார் 1,000 இடங்களுக்குச் சுமார் 10 லட்சம் பேர் விண்ணப்பித்திருக்கிறார்கள். பொதுப் பிரிவினருக்கு 32 வயது, 6 முறை என்ற எல்லை. ஓ.பி.சி. பிரிவினருக்கு 35 வயது, 9 முறை. இந்த எல்லை பெரியதாகத் தெரிவதுதான் ஆபத்து. ‘இன்னும் ஒரு தடவை’ என்று சொல்லிச் சொல்லியே இருபதுகள் முடிந்துவிடும்.

மறுபக்கம் வங்கியின் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். கல்விக்கடனில் பொதுவாகப் படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால், வட்டி நிற்பதில்லை. 4 லட்சம் கடன், 10 சதவிகிதம் வட்டி என்று வைத்துக்கொண்டால், வருடத்துக்கு 40,000 ரூபாய்; மாதம் 3,300 ரூபாய்க்கு மேல். வீட்டில் முடிந்தால் அந்த வட்டியை மட்டும் படிக்கும் காலத்திலேயே கட்டிவருவது, பின்னால் வரும் தவணையைக் குறைக்கும்.

எனவே, போட்டித்தேர்வுக்கு உட்காரும் முன்பே மூன்று விஷயங்களைத் தாளில் எழுதிவிடுவது நல்லது. எத்தனை வருடம் படிப்பது? அதுவரை மாதச் செலவும் வட்டியும் யார் பொறுப்பு? எந்தத் தேதியில் நிறுத்திவிட்டு எந்த வேலைக்குப் போவது? மூன்றாவது கேள்வியைக் கேட்பது பிள்ளையை அவநம்பிக்கையோடு பார்ப்பதாகாது. அதற்கான பதில் முன்பே இருந்தால், தோற்ற பிறகும் பிள்ளைக்குப் போக ஓர் இடம் இருக்கும்.

எந்த வருடத்தில் என்ன?

முதல் வருடத்தில் ஒரு பாடத்திலும் அரியர் விழாமல் பார்த்துக்கொள்வது. பின்னால் அதை கிளியர் செய்தாலும் ‘ஹிஸ்டரி ஆஃப் அரியர்’ என்று கேட்கும் இடங்கள் உண்டு. டிஸ்டிங்ஷன் கிடைக்கவும் அது தடையாகலாம். இன்டர்னல் மதிப்பெண்ணை அலட்சியப்படுத்தாமல் இருப்பதும் இதில் அடங்கும்.

இரண்டாம் வருடத்தில் கையால் செய்து காட்டக்கூடிய ஒரு திறமை. கோடிங், கேட் டிசைன், கணக்கியல் மென்பொருள், மொழிபெயர்ப்பு என்று துறைக்கு ஏற்றபடி எதுவாகவும் இருக்கலாம். 2022 மார்ச் 1 அன்று தொடங்கப்பட்ட தமிழ்நாடு அரசின் ‘நான் முதல்வன்’ திட்டப் பயிற்சிகளைச் சான்றிதழுக்காக மட்டும் முடிக்காமல், உண்மையாகவே செய்து பார்த்தால் இன்டர்வியூவில் பேச விஷயம் இருக்கும்.

மூன்றாம் வருடத்தில் முடிவு. வேலை, மேல்படிப்பு, போட்டித்தேர்வு மூன்றில் எது முதல், எது மாற்று என்று தீர்மானிப்பது. மூன்றுக்கும் ஒரே நேரத்தில் தயாராவதாகச் சொல்பவர்கள் பெரும்பாலும் எதற்கும் தயாராவதில்லை.

கடைசி வருடத்தில் காகித வேலை. கல்லூரியை விட்டுக் கிளம்பும் முன்பே டிரான்ஸ்கிரிப்ட், புரொவிஷனல் சான்றிதழ், சி.ஜி.பி.ஏ-வைச் சதவிகிதமாக மாற்றும் பல்கலைக்கழகத்தின் கடிதம் ஆகியவற்றுக்கு விண்ணப்பிப்பது. சில இடங்களில் 10-ஆல் பெருக்குவார்கள், சில இடங்களில் வேறு சூத்திரம். தானாகக் கணக்குப் போட்டு விண்ணப்பத்தில் எழுதிவிட்டு, சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்வது தேவையில்லாத தலைவலி.

பெற்றோருக்கு

வீட்டில் முதல் பட்டதாரியாகப் படிக்கும் பிள்ளைக்கு வழி சொல்ல அண்ணனோ அக்காவோ இருப்பதில்லை. கல்லூரிக்குள் என்ன நடக்கிறது என்பதை வீட்டுக்கு விளக்கும் பொறுப்பும் அந்தப் பிள்ளையின் தலையில்தான். அதனால்தான் பலர் அரியரை மறைக்கிறார்கள். மறைத்த ஒரு பேப்பர், அடுத்த செமஸ்டரில் மூன்றாகும். திட்டு விழும் என்ற பயம் இல்லாத வீட்டில்தான் அந்த ஒரு பேப்பர் ஒன்றாக இருக்கும்போதே வெளியே வரும்.

சொந்தக்காரர் பிள்ளையின் 8.6-ஐப் பற்றிப் பேசும் நேரத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பிள்ளையோடு உட்கார்ந்து, அதற்குப் பிடித்த மூன்று வழிகளையும், ஒவ்வொன்றும் கேட்கும் மதிப்பெண், பணம், விண்ணப்பத்தின் கடைசித் தேதி ஆகியவற்றையும் ஒரு நோட்டில் எழுதிப் பார்க்கலாம். 6.4 எந்தெந்த வரிகளில் போதும், எதில் போதாது என்பது அந்தப் பக்கத்திலேயே தெரிந்துவிடும். போதாத வரியை அடித்துவிட்டு, மீதி இருப்பதில் எந்தத் தேதி முதலில் வருகிறது என்று பார்த்தால் போதும். அடுத்த வேலை அங்கிருந்து ஆரம்பிக்கிறது.